வயசுக்கு நல்லாவே இருக்கு

அவர் எதையும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க மாட்டார். மனிதர்களையும் அப்படித்தான். கடைக்குள் வந்ததும் என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டருக்கோ தெருவுக்கோ போய்விடுவார். கொஞ்சம் பேசிவிட்டு மறுபடி ஒருமுறை பார்ப்பார். முதல் தடவை வந்தபோது, போலீசுக்குப் பயந்து திரிகிற ஆளோ என்றுகூட நினைத்தேன். அது தொழில் பழக்கம் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் தாண்டி உள்ளே வருகிற கடைத்தெருவில், பூக்கடைக்கும் பித்தளைப் பாத்திரக்கடைக்கும் நடுவில் என் கண்ணாடிக்கடை. முன்னால் கண்ணாடி ஃபிரேம்கள், பின்னால் திரை போட்ட ஒரு சின்ன அறை. அங்கேதான் கண் பரிசோதனை செய்வேன். நான் டாக்டர் இல்லை. பார்வை அளந்து பவர் எழுதிக் கொடுக்கப் படித்தவன், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். பேச்சு சாமர்த்தியத்தில் ஓடுகிற கடை என்று என் மனைவி சொல்வாள். அவள் கேலியாகத்தான் சொல்வாள், நான் பெருமையாக எடுத்துக்கொள்வேன்.

அவர் எடமலைப்பட்டி புதூரில் இருந்தார். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ரைஃபிள்களைப் பார்த்துக்கொண்டார். வீட்டிலிருந்து சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, என்னிடம் வருவார். வழியில் எத்தனை கண்ணாடிக்கடை! ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் சார் இவ்ளோ தூரம் வரீங்க? ஜங்ஷன்லயே பெரிய பெரிய கடையா இருக்கே."

"அங்க காட்டினா கிளப்புக்குத் தெரிஞ்சிரும் தம்பி. துப்பாக்கிக்காரன் கண்ணு காட்டப் போறான்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்."

வயது அறுபத்துமூன்று. மனைவி இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. காலை ஏழு மணிக்குக் கிளப்புக்குப் போனால் மாலை இருட்டுவதற்குள் வீடு. அந்த வேலை போனால் பகல் முழுக்க என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் ஈரிழைத் துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். பிரித்தால், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுப்புக் குழாய். ரைஃபிளின் மேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப். "இத உங்க துணியால தொடச்சுக் குடுங்க, என் துணி கீறிடும்" என்றார். துடைத்துக்கொண்டே நான் அதற்குள் பார்த்தேன். எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு பாத்திரக்கடைக் குடத்தின் மேல் மெல்லிய கூட்டல் குறி ஒன்று நின்றது. வேடிக்கையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"அவ்ளோ நேரம் பாக்கக் கூடாது. ரெண்டு நொடி. அதுக்கு மேல பாத்தா கண்ணு சமாதானம் பண்ணிக்கும்."

பிறகு விளக்கினார். கண் வைக்கிற பக்கம் ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருகினால் கூட்டல் குறி அவரவர் கண்ணுக்குத் தெளிவாகும். மரம் மட்டையைப் பார்த்துத் திருகக் கூடாது, ஒன்றும் இல்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்துத்தான் திருக வேண்டும். கண்ணை வைத்த உடனே குறி பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லையா, கண்ணை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் திருகி, எங்கேயாவது தூரத்தில் பார்த்துவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே திருகினால், மங்கலாக இருப்பதைக் கண்ணே சிரமப்பட்டுத் தெளிவாக்கிக்கொள்ளும். "சரியாயிருச்சுன்னு நெனச்சுக்குவீங்க. சரியாயிருக்காது. சுடுறப்ப கண்ணு களைச்சுப் போயி கைய விரிச்சிரும்."

அவர் சொன்னது சரிதான், எங்கள் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தச் சமாளிக்கிற சக்தி நாற்பதில் குறைய ஆரம்பித்து அறுபதுக்குள் அனேகமாகத் தீர்ந்துவிடும். கண்ணால் ஏமாறுகிற வயதை அவர் எப்போதோ தாண்டியிருந்தார். இதை நான் சொல்லவில்லை. சொன்னால் மனிதருக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு யார் மனதையும் வருத்தப்படுத்தப் பிடிக்காது.

அன்றைக்கே குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ராஜகோபுரத்துப் பக்கம் வானத்தைப் பார்த்து நீட்டினார். அடுத்த நிமிடம் காவலுக்கு நின்ற இளம் கான்ஸ்டபிள் ஓடிவந்துவிட்டார்.

"யாருங்க நீங்க? என்னத்த எடுக்குறீங்க இங்க?"

இவர் பதறவே இல்லை. குழாயைக் கான்ஸ்டபிள் கையிலேயே கொடுத்தார். "நீங்க சின்ன வயசு சார். உள்ள பாருங்க. கூட்டல் குறி தெரியுதா?"

"தெரியுது."

"வெச்ச உடனே தெரிஞ்சுதா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"உடனேதான்."

"அப்ப ஸ்கோப்புல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கோளாறு. ரொம்ப தேங்க்ஸ் சார்."

எதற்கு ஓடிவந்தோம் என்பதே மறந்து அந்தப் பையன் சிரித்துக்கொண்டே போனான். எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் மட்டும் சிரிக்காமல் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

தன் கண்ணைத் தானே நம்பாத மனிதர். யாரைப் பார்த்தாலும் "உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்பார். பஸ் போர்டை முதலில் தானே படித்துவிட்டு, பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். தான் பார்த்ததும் அடுத்தவர் பார்த்ததும் ஒன்றாக இருந்தால்தான் ஏறுவார். கிளப்பிலும் அப்படித்தான். ஒரு ரைஃபிளைச் சரி செய்து முடித்தால், அங்கே இருக்கிற யாரையாவது கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லாமல் கீழே வைக்க மாட்டார்.

கிளப்புக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ஐம்பது தாண்டிய டாக்டர்களும் வக்கீல்களும். ஸ்கோப் கெட்டுவிட்டது, கம்பெனிக்கு அனுப்பு என்று வருடத்துக்கு நாலு பேராவது சண்டைக்கு வருவார்களாம். இவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வாராம்: "ஸ்கோப்பு கெடல சார். உங்களுக்கு வயசாகுது." வளையத்தை அந்த ஆளின் கண்ணுக்கு ஏற்றபடி திருகிவைத்து, அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பார். ஆளுக்கு ஒரு நிறம். சிவப்புப் புள்ளி இருதய டாக்டர், ரோஸ் புள்ளி ஒரு கல்லூரி முதல்வர். நகப்பூச்சு புட்டிகள் எல்லாம் இறந்துபோன மனைவியுடையவை.

"கொஞ்சம் பதமா சொல்லக் கூடாதா சார்? பெரிய மனுஷங்க, கோவிச்சுக்குவாங்க" என்றேன்.

"கோவிச்சுக்கட்டும். கையில இருக்கறது துப்பாக்கி."

மனைவியைப் பற்றி அவர் ஒரே ஒருநாள்தான் பேசினார். மனைவிக்கு வயிற்றில் ஏதோ கட்டி. ஆரம்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. இவருக்கு மட்டும் சந்தேகம் இருந்தது, ஆள் இளைக்கிறாளோ என்று. ஆனால் தினமும் பார்க்கிற கண் சமாதானம் பண்ணிக்கொள்ளும் என்பது அவர் கட்சி ஆயிற்றே. பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டார். "நான் தெனம் பாக்குறேன், எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க, எளைச்சிருக்காளா?" அந்த அம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்று சொன்னார். நாலு மாதம் கேட்டார், நாலு மாதமும் அதே பதில். ஆஸ்பத்திரிக்குப் போனபோது திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள்.

"அந்தம்மா மேல தப்பில்ல தம்பி. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னாங்க. நல்லவங்க" என்றார். பார்வை காலண்டருக்குப் போனது. பிறகு, "அதான் உங்ககிட்ட வரேன். நீங்க படிச்சவங்க. அளந்து பாத்துச் சொல்லுவீங்க" என்றார். நான் டீ வரவழைத்தேன்.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின வாரம் வந்தார். அந்த நாட்களில் எங்கள் தெருவில் நடக்க இடம் இருக்காது. வெளியூர்க் கூட்டம் முழுக்க வந்து நிற்கும். கண்ணாடி உடைத்துக்கொண்டவர்கள், தொலைத்தவர்கள், பெருமாளைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று புதிதாகப் போட்டுக்கொள்ள வந்தவர்கள் என்று கடைக்குள்ளேயே பத்துப் பதினைந்து பேர். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பொறுமையாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு சொல்வார். "பாத்துக்கிட்டே சொல்லுங்க சார்" என்றால் கேட்க மாட்டார். அவர் குறி பார்ப்பது வலது கண்ணால். அது மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. லென்ஸ் மாற்றிப் போட்டதில் ஐந்தாவது வரி வரைக்கும் இறங்கினார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஏதோ உறுத்தியது. விளக்கைக் குறைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியே தடுமாறினார். டார்ச் அடித்துக் கண்ணுக்குள் பார்த்தேன். டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

புரை. சில பேருக்கு வெள்ளையாக வராமல் இப்படிப் பழுப்பாக வரும். அப்படிப் பழுக்கும்போது பார்வை மெல்லக் கிட்டப்பார்வையாகச் சரியும். அந்தச் சரிவை ஸ்கோப்பின் வளையத்தைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம், கூட்டல் குறி மறுபடி பளிச்சென்று வந்துவிடும். இரண்டு வருடமாக அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான். தன் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அது அதற்கு மேல் போகாத இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். குறி தெளிவாக இருக்கிறது, ஆகவே கண் தெளிவாக இருக்கிறது என்று நினைத்தார். ஆனால் பழுப்பைத் திருகி எடுக்க முடியாது. நல்ல வெளிச்சத்தில் சமாளிக்கும், மங்கல் வெளிச்சத்தில் காலை வாரிவிடும். நீலம், ஊதா எல்லாம் மண் நிறமாகத் தெரியும்.

இவ்வளவும் எனக்கு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதே தெரியும். நோட்டில் எழுதவும் செய்தேன். 'வலது பழுப்பு, ஆபரேஷன் சொல்ல வேண்டும்.'

அவர் கேட்டார். "தம்பி, மருங்காபுரிப் பக்கம் மக்காச்சோளத்துல காட்டுப்பன்னி எறங்குதாம். சுடுறதுக்கு உத்தரவு ஆயிருக்கு. குறி தவறாத ஆளா வேணும்னு என்னையும் கேக்குறாங்க. விடியக்காலைல வேலை. இந்தக் கண்ண நம்பலாமா?"

திரைக்கு வெளியே யாரோ "இன்னும் எவ்ளோ நேரங்க?" என்று சத்தம் போட்டார்கள்.

"வயசுக்கு நல்லாவே இருக்கு சார்" என்றேன்.

"வயசுக்கு வேணாம். துப்பாக்கிக்குச் சொல்லுங்க."

"தாராளமா போங்க. பவர் கொஞ்சம் மாறியிருக்கு, அவ்ளோதான். கண்ணாடி போட்டா சரியாயிடும்."

ஏன் சொன்னேன் என்று ஆயிரம் தடவை என்னையே கேட்டுவிட்டேன். கூட்டம் ஒரு காரணம். ஆபரேஷன் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். கிளப்பில் தெரிந்தால் வேலை போய்விடும், பாவம் என்று நினைத்தேன். ஏகாதசி கழியட்டும், போன் செய்து பக்குவமாகச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் உண்மை ஒன்றுதான். 'வயசுக்கு நல்லாவே இருக்கு' என்பது நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற வாக்கியம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் சந்தோஷமாகப் போயிருக்கிறார்கள். அவரும் அப்படித்தான் போனார். அன்றைக்கு மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் இறங்கியது. "ரொம்ப நாளா மனச அரிச்சுக்கிட்டே இருந்துச்சு தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏகாதசி முடிந்தது. பொங்கல் வந்தது. நான் போன் செய்யவில்லை.

தை கடைசியில் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. மருங்காபுரி அருகே, பொழுது சரியாக விடியாத நேரத்தில், சோளக்காட்டு ஓரம் ஒதுங்கப் போன பெண் ஒருத்தி குண்டு பட்டு இறந்துபோனாள். பன்றி என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னவர் கைது. அடியில் அவர் பெயரும் எடமலைப்பட்டி புதூரும் இருந்தன. பனிக்காகத் தலையோடு போர்த்தியிருந்த கத்திரிப்பூ நிறப் போர்வையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். எட்டாவது படிக்கிற ஒரு மகள் இருக்கிறாளாம். பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். அன்றைக்கு வந்தவர்களுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். என்னைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஜாமீனில் வந்திருந்த அவரை அழைத்துக்கொண்டு அவருடைய வக்கீல் கடைக்கு வந்தார். சின்ன வயது வக்கீல், நல்ல துடிப்பு. அவரோ வெகுவாக இளைத்திருந்தார். கண்ணாடி வைக்கிற கூட்டை வக்கீல் மேஜைமேல் வைத்தார். மூடியில் என் கடைப் பெயர் அச்சடித்திருந்தது.

"கடைப் பேரு இவர் சொல்லவே மாட்டேங்குறாருங்க. இந்தக் கூட்ட வெச்சு நானே கண்டுபிடிச்சேன். விஷயம் இதுதான். போலீஸ் அஜாக்கிரதைன்னு கேஸ் போட்டிருக்கு. பக்கத்துல நின்னவர் ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்திருக்காரு. எப்பவும் சுடறதுக்கு முன்னாடி 'உங்களுக்கு என்ன தெரியுது'ன்னு கேப்பாராம். அன்னிக்கு கேக்கலையாம். அதான் நமக்கு எடஞ்சலா நிக்குது."

ஏன் கேட்கவில்லை என்பது அந்தக் கடையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வக்கீல் தொடர்ந்தார். "போறதுக்கு முன்னாடி கண்ண டெஸ்ட் பண்ணிக்கிட்டாரு, சரியா இருக்குன்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லித்தான் போனாருன்னு காட்டிட்டா, வாதாட ஒரு பிடி கெடைக்கும். தண்டனை நிச்சயமா கொறையும். மார்கழில உங்ககிட்ட வந்தாரா? ரெக்கார்டு ஏதாவது இருக்கா?"

நோட்டு என் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. மார்கழிப் பக்கத்துக்குப் புரட்டினால் போதும். அவர் பெயர், வரி எண்ணிக்கை, என் கையெழுத்தில் அந்த ஒரு வரி, எல்லாம் இருக்கும். தெரிந்தே சொன்னேன் என்பதும் சேர்ந்தே இருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கூடு பழசுங்க" என்றேன். "மார்கழில சார் வரலைங்க." வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில் வந்தது.

வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். "என்ன சார் இது? கண்ணு காட்டிட்டுத்தான் போனேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன் சார்" என்றார் அவர். "நான் யாருகிட்டயும் காட்டல."

"யாருகிட்டயும் காட்டாம துப்பாக்கி எடுத்தேன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது."

வக்கீல் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுந்தார். போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த நேரத்திலாவது நான் நோட்டைத் திறந்திருக்கலாம். வாசலுக்கு ஓடிப்போய் வக்கீலைக் கூப்பிட்டிருக்கலாம். மேஜைமேல் கிடந்த ஃபிரேம்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுப் பேப்பரை எடுத்து மேஜைமேல் விரித்தார். செய்தித்தாளில் வந்த படம். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது போலிருந்தது, பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"இதான் அந்தம்மா. வெயில்ல வெச்சுப் பாத்துட்டேன், லைட்டு போட்டுப் பாத்துட்டேன். மூஞ்சி தெரிய மாட்டேங்குது தம்பி. ஜெயிலுக்குப் போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிக்கணும். எங்க போனா நல்லா பண்ணுவாங்க?"

சொன்னேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த பஸ் என்று எல்லாம் சொல்லி, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க."

வேறு தாள் கிழித்து, பெரிதாக எழுதினேன்.